எங்கள் பார்க்கில் பூட்டிக் கிடக்கும் பாலம்

அந்தப் பாலம் ஒரு பஸ்ஸின் நீளம்கூட வராது. மழை இல்லாத நாட்களில் வாண்டில் ஆற்றை அந்த இடத்தில் பெரிய பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்தே கடந்துவிடுவார்கள். போன வருடம் குளிர் முடிகிற நேரம் அதைப் பூட்டினார்கள். இந்த வருடக் கோடையும் முடியப் போகிறது, பாலம் பூட்டினபடியேதான் இருக்கிறது.

இரண்டு கரையிலும் ஆளுயரக் கம்பி வேலி. வேலியில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டிய ஒரு தாள்: பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம். உறைக்குள் மழைத்தண்ணீர் போய், அடியில் இருந்த ரெலிபோன் இலக்கம் கரைந்துவிட்டது. வருத்தம் மட்டும் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

தென்லண்டனில் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வாண்டில் ஆற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: கார்ஷால்டன், வடன் பக்கத்து ஊற்றுகளில் தொடங்கி, மிச்சம், கொலியர்ஸ் வூட் வழியாக வந்து வோண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸில் சேர்கிற சின்ன ஆறு. கரையோரமாகப் பார்க்குகள் தொடுத்தாற்போல் இருக்கின்றன. அப்படியொரு பார்க்கின் நடுவில்தான் எங்கள் பாலம். வீடுகள் ஒரு கரையில். பள்ளிக்கூடம், டொக்டர், ரூட்டிங் போகும் பஸ் எல்லாம் மறுகரையில்.

இப்போது மறுகரைக்குப் போவதென்றால் பார்க்கை விட்டு வெளியே வந்து, பெரிய றோட்டில் ஏறி, வாகனங்கள் போகிற பாலத்தால் சுற்றிப் போக வேண்டும். அங்கே நடைபாதை எவ்வளவு ஒடுக்கம் என்றால், எதிரே ஒரு குழந்தை வண்டி வந்தால் யாராவது ஒருவர் றோட்டில் இறங்கியே ஆக வேண்டும். டபுள் டெக்கர் பஸ்ஸின் கண்ணாடி தலைக்குப் பக்கத்தால் போகும். என் மகளுக்குப் பதினொரு வயது, தனியாகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அந்தச் சுதந்திரம் வேலியோடு நின்றுபோயிற்று. காலையில் திரும்பவும் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்கும் அதில் கோபம், எனக்கும் வேலைக்குப் பிந்துகிறது.

அம்மாவின் கதை இன்னும் மோசம். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. சில்லு வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னேரங்களில் பாலத்தைக் கடந்து போவார். மறுகரையில் ஒரு வாங்கு இருக்கிறது. அச்சுவேலிக்கார அம்மா ஒருவர் அங்கே வந்திருப்பார். இரண்டு பேரும் இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருப்பார்கள். யாருடைய பிள்ளைக்கு எங்கே கலியாணம் பேசுகிறது என்று எனக்குத் தெரியவருவதே அந்த வாங்கின் வழியாகத்தான். இப்போது அம்மாவைக் காரில் கொண்டுபோய் விட வேண்டும். கூப்பிடு தூரத்துக்குக் கார், அதை நிற்பாட்ட இடம் தேடிக் கால் மணித்தியாலம். நான் களைத்துப்போய் வருவதைப் பார்த்து அவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

அம்மா சண்டிலிப்பாய்க்காரி. வழுக்கையாற்றில் மாரிக்கு வெள்ளம் வந்தால் ஊர்க்காரர் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். "ரெண்டு பனங்குத்தியைப் போட்டுவிட்டா முடியிற அலுவல், உதுக்கு ஏன் பிள்ளை ஒண்டரை வருசம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில்தான் இந்தப் பதிவு எழுதும் அளவுக்கு விசயம் சேர்ந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலத்தைப் பூட்டினது பிழை என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குஜராத்தி. வேலியைப் பார்த்து எல்லோரும் திட்டிக்கொண்டு நின்ற ஒரு நாள் அவர் மோர்பி என்று ஒரு சொல்தான் சொன்னார். குஜராத்தில் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மேலிருந்த பழைய தொங்குபாலம் அது. திருத்த வேலை முடிந்தது என்று 2022 ஒக்டோபர் 26ஆம் திகதி திறந்தார்கள், 30ஆம் திகதி அறுந்து விழுந்தது. 130 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதில் நிறையப் பிள்ளைகள். 2025 ஜூனில் புனேக்குப் பக்கத்தில் குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் இரும்பு நடைபாலமும் அப்படித்தான். ஆபத்தென்று பலகை வைத்திருந்தும் ஞாயிற்றுக்கிழமைச் சனம் ஏறி நின்றது, நாலு பேர் இறந்தார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் பூட்டத்தான் வேண்டும். அதைச் செய்த எஞ்சினியருக்கு நன்றி.

ஆனால் பூட்டிவிட்டு அப்படியே விட்டால் அது பாதுகாப்பு ஆகாது. வேலியின் ஆற்றுப்பக்கத் தட்டியைப் பெடியன்கள் வளைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அதன் நுனியைப் பிடித்து, தண்ணீருக்கு மேலால் உடம்பைச் சுழற்றி உள்ளே போகிறார்கள். பாலம் தாங்கினாலும் அந்தச் சுழற்றலில் ஒருத்தன் விழுவான் என்று எனக்குப் பயம். மூடிய பாலத்தைத் திறந்த பாலத்தைவிட அடிக்கடி போய்ப் பார்க்க ஆள் வேண்டும். இங்கே அந்தத் தட்டியை நிமிர்த்த வந்தவர்கூட நாய் கூட்டிக்கொண்டு போகிற ஒரு வயதான மனிதர்தான்.

கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி சபைக்கு, ரெலிபோன் எடுத்தால் பார்க் பிரிவு சொன்னது, பாலங்கள் எல்லாம் றோட்டுப் பிரிவின் பொறுப்பு என்று. றோட்டுப் பிரிவு சொன்னது, பார்க்குக்குள் இருப்பது பார்க் பிரிவினுடையது என்று. இரண்டு பக்கத்திலும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். கடைசியில் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டேன். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அது. யாரும் கேட்கலாம், ஒரு மின்னஞ்சல் போதும், காசு இல்லை, 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. அதைத்தான் வேலியில் ஒட்டியிருக்க வேண்டும்.

பாலத்தின் மேற்பலகைகளுக்கு ஒன்றும் இல்லையாம். எங்கள் கரையில் பாலம் தலை வைத்திருக்கிற கொங்கிரீட் கட்டுக்குக் கீழே இருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. அதன் மேல் படுத்திருக்கிற இரும்பு வளையின் முனையும் கறள். வாண்டில் சுண்ணக்கல் ஊற்றில் பிறக்கிற ஆறு. அந்த மாதிரி ஆறு இயல்பிலே அமைதியானது, சடுதியான ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடும். ஆனால் இப்போது சுற்றுவட்டாரத்துக் கூரைகள், தார் றோட்டுகளின் மழைத்தண்ணீரும் இதற்குள்தான் வந்து விழுகிறது. ஒரு மணித்தியாலம் அடித்து ஊற்றினால் ஆறு சடாரென்று ஏறி, கலங்கி, கரையைப் பிய்க்கும். பாலத்தின் அடியில் நடந்தது அதுதான்.

சரி, மண் போனால் கொங்கிரீட் போட்டு அடைக்க வேண்டியதுதானே? முக்கிய ஆறு என்று வகுக்கப்பட்ட ஓர் ஆற்றின் கரையிலிருந்து 8 மீற்றருக்குள் வேலை செய்வதென்றால் வெள்ள அபாய அனுமதி எடுக்க வேண்டும். கரையில் மரங்களை வெட்டுவதென்றால் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூடு கலைத்தால் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மாரியில் தண்ணீருக்குள் இறங்குவதென்றால் டிரவுட் மீன் சரளைக்கல்லில் முட்டையிடும் காலம். கணக்குப் பார்த்தால் பாலம் கட்ட எங்களுக்கு மிச்சம் இருப்பது செப்டம்பர் மாதம் மட்டும்.

சிரிப்பாக இருந்தாலும் அந்த மீனுக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். 1960களில் இந்த ஆற்றைச் சாக்கடைக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். சாயப் பட்டறைகளும் ஆலைகளும் இதன் கரையில்தான் இருந்தன, தண்ணீர் அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் ஓடியது என்பார்கள். அதிலிருந்து மீண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்த டிரவுட் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிற அளவுக்கு வந்திருக்கிறது. மீனையும் பறவையையும் காரணம் காட்டுவது சரியே. அவை எந்த மாதம் முட்டையிடும் என்பது பாலத்தைப் பூட்டின அன்றைக்கே தெரிந்ததுதானே? ஒரு செப்டம்பரைத் தவறவிட்டதற்கு டிரவுட் என்ன செய்யும்?

இனி எனக்கு மிகவும் விசர் வந்த இடம். நான் சொன்ன நாய்க்கார மனிதர் ஓய்வுபெற்றவர், வீட்டில் ஒரு தடித்த ஃபைல் வைத்திருக்கிறார். அவர் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 56ஆம் பிரிவைக் கண்டுபிடித்தார். பொதுப் பாதை ஒன்றைப் பழுதாக விட்டால், யாரும் அதிகாரசபைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். அது தங்கள் பொறுப்பா இல்லையா என்று ஒரு மாதத்துக்குள் அவர்கள் சொல்ல வேண்டும், பிறகு நீதிமன்றம் திருத்தச் சொல்லிக் கட்டளையிடலாம். எங்களுக்குப் பெரிய சந்தோசம். நோட்டீஸை எழுதியும் விட்டோம்.

அப்போதுதான் தெரிந்தது, பார்க்குக்குள் இருக்கிற எங்கள் பாதை பொதுப் பாதையாகப் பதியப்படவேயில்லை. அதாவது சட்டத்தின் கண்ணில் அது பாதையே இல்லை, பார்க்கின் ஒரு பகுதி. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவில், ஒரு பாதையால் 20 வருடம் தடையில்லாமல் சனம் நடந்தால் அது பொதுப் பாதை என்று கொள்ளலாம் என்று இருக்கிறது. இந்தப் பாலத்தால் நாங்கள் அதைவிடக் கனகாலம் நடந்திருக்கிறோம். ஆனால் அந்த 20 வருடமும் அனுமதி இல்லாமல், உரிமை உள்ளவர் போல நடந்திருக்க வேண்டுமாம். பார்க் என்பது சனம் நடக்கட்டும் என்று திறந்துவிட்ட இடம். நாங்கள் அனுமதியோடு நடந்தவர்கள், ஆகவே எங்கள் நடை கணக்கில் வராது என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்களாம். ஒரு தனியாரின் காணிக்குள்ளால் கேட்காமல் இத்தனை வருடம் போய்வந்திருந்தால் இன்றைக்கு எங்கள் கையில் ஒரு பிடி இருந்திருக்கும். சொந்தக் கவுன்சிலின் பார்க்கில் ஒழுங்காக நடந்ததால் ஒன்றுமில்லை.

பொதுப் பாதையாக இருக்கிற நடைபாதை ஒன்றை வேலைக்காகத் தற்காலிகமாக மூடுவதென்றால் ஆறு மாதம்தான் எல்லை, அதற்கு மேலே போனால் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். எங்கள் பாலத்துக்கு அந்த எல்லையும் இல்லை. வேலியைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம், யாரும் திகதி கேட்க மாட்டார்கள்.

பெரிய பாலங்களுக்கு என்றால் கதை வேறு. லண்டனில் தேம்ஸின் மேல் இருக்கிற ஹமர்ஸ்மித் பாலத்தை எடுங்கள். 1887இல் திறந்தது. வார்ப்பிரும்பில் வெடிப்புக் கண்டு 2019 ஏப்ரலில் வாகனங்களுக்குப் பூட்டினார்கள். 2020 ஓகஸ்ட் வெயிலில் வெடிப்பு விரிய, நடக்கிறவர்களுக்கும் பூட்டினார்கள். அடுத்த வருடம் ஜூலையில் நடக்கவும் சைக்கிளுக்கும் திறந்தாகிவிட்டது. அங்கே கமெரா வந்தது, பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. எங்கள் பாலத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை. தேர்தல் காலத்தில் மட்டும் மூன்று கட்சிக்காரரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, அதே வேலிக்கு முன்னால், அதே கவலை முகத்தோடு நின்று படம் எடுத்துத் துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். மூன்றையும் எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கவுன்சில்களிடம் காசு இல்லை என்பதும் பொய்யில்லை. 2023இல் பேர்மிங்காம் நகரசபையே 114ஆம் பிரிவு அறிவித்தல் விட்டது, சட்டப்படி கட்டாயமானவற்றைத் தவிர புதுச் செலவு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். முதியோர் பராமரிப்பா, பார்க்கில் ஒரு பாலமா என்று கேட்டால் நானும் முதலாவதைத்தான் சொல்லுவேன். ஆனால் என் அம்மாவுக்கு அந்தப் பாலம்தான் முதியோர் பராமரிப்பு. செலவில்லாமல் தினமும் நடை, கதைக்க ஒரு ஆள். அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவார்கள்?

இப்போது நாங்கள் நாளைக்கே பாலம் வேண்டும் என்று கேட்கவில்லை. அனுமதிக்கான விண்ணப்பம் எந்த மாதம் போகும், அடுத்த செப்டம்பரைப் பிடிக்க முடியுமா, யாருடைய மேசையில் இந்த அலுவல் இருக்கிறது, இவ்வளவையும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் எழுதி வையுங்கள் என்கிறோம். அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி நேரம் இருக்கிறது. கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டோம். வாசிக்க ஒரு நிமிடம் தருவார்கள், பதிலைக் கேட்டுவிட்டு ஒரேயொரு துணைக்கேள்வி கேட்கலாம். நாய்க்கார மனிதரிடம் துணைக்கேள்வி மூன்று பக்கத்துக்கு இருக்கிறது. எதை வெட்டுவது என்பதில் எனக்கும் அவருக்கும் இந்தக் கிழமை முழுக்கச் சண்டை. 31ஆம் பிரிவை விட மாட்டேன் என்று நிற்கிறார்.