எண்ணெய் குறைந்தால் எண்ணெய் கொடுப்பதா?

கூலிக்கு ஆட்டிக் கொடுக்கிற செக்கில் ருசியையோ வாசனையையோ பற்றிச் சண்டை வருவது அபூர்வம். கடலை கொண்டுவருகிறவர்களுடையது, காய வைத்ததும் அவர்கள்தான். சிக்கு வாடை அடித்தால் யாரைக் குறை சொல்வது? வருகிற சண்டையெல்லாம் அளவைப் பற்றியதுதான். "இருபது கிலோ போட்டனுங்க, எட்டு லிட்டர் வரோணும், ஏழுதான் வந்திருக்குது." இதற்கு உண்டான கணக்கு எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்தக் கணக்கைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்தியதாக நினைவில்லை.

கணக்கு இதுதான். நிலக்கடலைப் பருப்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். மரச்செக்கால் அதை முழுக்கப் பிழிய முடியாது. புண்ணாக்கில் பத்து சதவீதத்துக்கு மேல்கூட எண்ணெய் தங்கிவிடும். செக்குப் புண்ணாக்கை மாடு விரும்பித் தின்பது அதனால்தான். ரசாயனக் கரைப்பான் ஊற்றி எண்ணெய் எடுக்கிற சால்வென்ட் ஆலைப் புண்ணாக்கில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. முதிர்ந்து காய்ந்த பருப்பு என்றால் இரண்டரை கிலோவுக்கு ஒரு லிட்டர் என்பது ஊர்க்கணக்கு. இருபது கிலோவுக்கு எட்டு லிட்டர் என்று எல்லோரும் மனதில் வைத்திருப்பது இதைத்தான். கணக்கு தப்பில்லை, பருப்பு அதற்கு ஒத்துவர வேண்டும்.

இதில் லிட்டர், கிலோ குழப்பம் வேறு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். எட்டு லிட்டரைத் தராசில் வைத்தால் ஏழு கிலோ முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். வாடிக்கையாளர் காதில் விழுவது அந்த 'ஏழு' மட்டும். எடையைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் லிட்டரையும் சொல்லாத செக்கில் சண்டை வராமல் இருக்காது.

நான் சொல்ல வந்தது ஓர் அக்காவின் புகார், அதில் இந்தக் குழப்பம் பாதிதான். ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலையை ஐப்பசியிலோ கார்த்திகையிலோதான் பிடுங்குவார்கள். மழை பிடித்துக்கொண்டால் களம் காயாது. போதாக்குறைக்கு, மெஷினில் தோல் உடைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளக்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். அப்படி உடைத்த பருப்பை மூட்டை கட்டி நேராகச் செக்குக்குக் கொண்டுவந்தால் மேல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். இரண்டு விரலால் உடைத்தால் 'படக்' என்று ஒடியாது, வளைந்து பிரியும். கையில் வைத்துக் கசக்கினால் சிவப்புத் தோல் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் ஐந்து, ஆறு சதவீதத்துக்குள் இருந்தால்தான் செக்கு ஒழுங்காக எண்ணெய் விடும். அதற்கு மேல் போனால் உரலில் மாவு களி போலத் திரண்டு உலக்கையோடு சுற்றிவரும், எண்ணெய் பிரியாது. மொறுமொறுவென்று காய்ந்த பருப்புக்கு ஆட்டும்போது நாமே கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம். அதைப் பார்த்தவர்கள், "தண்ணி தெளிச்சுத்தானே ஆட்டறீங்க, ஈரமா இருந்தா என்னங்க?" என்பார்கள். தெளிக்கிற தண்ணீர் எப்போது, எவ்வளவு என்பது செக்கில் நிற்பவர் கையில் இருக்கிறது. பருப்புக்குள் இருக்கிற தண்ணீர் யார் கையிலும் இல்லை.

அந்த அக்கா கொண்டுவந்தது இருபது கிலோ. பழைய வாடிக்கை, வேறு செக்குக்குப் போனவர் இல்லை. எண்ணெய் ஆறு கிலோ நானூறு வந்தது, லிட்டரில் ஏழு. புண்ணாக்கு பதின்மூன்று கிலோ இருநூறு. தெளித்த தண்ணீர் அரை கிலோவையும் சேர்த்தால் உள்ளே போனது இருபதரை, வெளியே வந்தது பத்தொன்பது கிலோ அறுநூறு. மிச்சம் தொள்ளாயிரம் கிராம் ஆவியாகப் போனதும் உரலில் ஒட்டியதும். நல்ல பருப்பிலும் கழிவு ஏறக்குறைய இவ்வளவு இருக்கும். ஆனால் அப்போது புண்ணாக்கு பன்னிரண்டேகால் கிலோ அளவில்தான் நிற்கும். ஆக, குறைந்த எண்ணெய் புண்ணாக்கு மூட்டைக்குள்தான் இருந்தது. எல்லா எடையும் அவர் கண் முன்னால்தான் போட்டோம். தராசுக்கு அந்த வருடத்து முத்திரையும் இருந்தது. அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து வந்தார்.

"ஏனுங்க தம்பி, ஏழு லிட்டருன்னு சொன்னீங்க. ஊட்ல ஊத்திப் பாத்தா ஆறரைகூட முழுசா இல்லீங்களே."

அதற்கும் காரணம் உண்டு. செக்கிலிருந்து வந்த எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும், பதினைந்து டிகிரி ஆறினால் ஏழு லிட்டரில் எழுபது மில்லி சுருங்கும். புது எண்ணெயில் கசடு மிதக்கும். மெல்லிய வெள்ளைத் துணி கட்டி இரண்டு, மூன்று நாள் வெயிலில் வைத்தால் அடியில் மண்டி இறங்கும். ஏழு லிட்டருக்குக் கால் லிட்டர் மண்டி சாதாரணம், ஈரப் பருப்பில் கூடவே இருக்கும். அவர் அளந்தது தண்ணீர் பாட்டிலில். ஒரு லிட்டர் என்று போட்டிருக்கும் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பினால் லிட்டருக்கு மேல் முப்பது, நாற்பது மில்லி பிடிக்கும். ஆறு பாட்டிலுக்கு அதுவே இருநூறு மில்லி அளவுக்கு வரும். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்றதெல்லாஞ் சரிங்க. அப்ப எட்டு லிட்டருக்கு மீதி எண்ணெய் எங்கீங்க போச்சு?"

"புண்ணாக்குல இருக்குதுங்கக்கா."

"புண்ணாக்குல இருந்தா நான் தோசை சுட முடியுமுங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அலமாரியிலிருந்து லேபிள் ஒட்டிய ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அளந்து ஊற்றித் தரவில்லை, பாட்டிலாகத்தான் கொடுத்தேன். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது என்பதால் அந்தப் பழக்கமே கிடையாது. பாட்டிலை வாங்கிக்கொண்டவர் செக்குப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

செக்கில் நிற்கிற அண்ணனும் அதைப் பார்த்துவிட்டார். கடை சாத்தும் நேரத்தில் கேட்டார்.

"எண்ணெயக் காணோமின்னு வந்தவங்களுக்கு எண்ணெயவே எடுத்துக் குடுத்தா என்னங்க அர்த்தம்? எடுத்தது நாந்தான்னு ஆகாதுங்களா?"

"அப்படியெல்லாம் அவங்க நெனைக்க மாட்டாங்கண்ணா. வாடிக்கை போயிருமேன்னுதான்."

"வாடிக்கைய உடச் சொல்லலீங்க. கூலிய உட்டிருக்கலாமில்லீங்க."

இங்கேதான் நான் மறுபடி மறுபடி வந்து நிற்கிறேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. புகாரைக் கேட்டதும் ஏதாவது கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும் என்பது கல்லாவில் உட்காரும் எல்லோருக்கும் தெரிந்த பாடம். என்ன கொடுக்கிறோம் என்பதும் ஒரு பதிலாகிவிடும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எண்ணெய் குறைந்தது என்றவருக்கு எண்ணெயைக் கொடுத்தால், குறைந்த எண்ணெய் நம்மிடம் இருந்தது என்று நாமே சொன்னதுபோல் ஆகிறது. வாங்கிப் போன பாட்டிலில் சிக்கு வாடை என்று ஒருவர் வந்தால் நான் இரண்டாவது கேள்வி கேட்காமல் மாற்றித் தந்துவிடுவேன். அந்தச் சரக்கு நம்முடையது. அடுப்புப் பக்கத்தில் வைத்துக் கெட்டதா, ஜன்னல் வெளிச்சத்தில் கெட்டதா, பழைய எண்ணெய் ஒட்டியிருந்த கேனில் ஊற்றிக் கெட்டதா என்று துருவுவதற்குள் ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவார். (கேனின் கைப்பிடி உள்ளே குழலாக இருக்கும். கழுவினாலும் பழைய எண்ணெயும் தண்ணீரும் அங்கே தங்கும், புது எண்ணெய் அதில் பட்டுத்தான் முதலில் காறும்.) விற்பனைச் சரக்குக்கு ஒரு நியாயம், கூலி ஆட்டுக்கு இன்னொரு நியாயம் என்று அதுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

ஆனால் கூலியை விட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? 'வேலை சரியில்லை, அதனால் கூலி வாங்கவில்லை' என்றுதானே அர்த்தம் வரும். வேலை யாருடையது? மறுபடியும் அண்ணனுடையதுதான். திருடன் என்ற பேருக்குப் பதில் வேலை தெரியாதவர் என்ற பேர். சரி, எதுவும் கொடுக்காமல் கணக்கை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், 'உன் கடலை ஈரம்' என்று அந்த அக்காவின் தலையில் கட்டியதாக ஆகும். மழையில் பிடுங்கி, கூலி கொடுத்து உடைத்து, பஸ்ஸில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்தவர். உண்மையைச் சொன்னாலும் அது அவருக்கு வசவாகத்தான் விழும். எதைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், யாராவது ஒருவர் பக்கம் விரல் நீண்டுவிடுகிறது. அன்றைக்கு நான் கையில் கிடைத்ததைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மூட்டை உள்ளே வரும்போதே தடுத்திருக்கலாமே என்று தோன்றும். பருப்பை உடைத்துப் பார்த்து, "ரெண்டு வெயில் காட்டிக் கொண்டாங்கக்கா" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? பக்கத்துச் செக்கு அதே பருப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் உரலில் போடும். கடைக் கடலையில் எடைக்கு எடை மாற்றித் தரலாம் என்றால், "எங்க காட்டுக் கடலைதானுங்க வேணும்" என்பார்கள். கூலிக்கு ஆட்ட வருவதே அதற்காகத்தான். காய்ந்த பருப்போடு கலந்து ஆட்டலாம் என்று சிலர் செய்கிறார்கள். கலந்ததைப் பிறகு எப்படிப் பிரிப்பது? அது இன்னும் பெரிய சண்டை.

ஒன்றை மட்டும் உடனே ஒழுங்கு செய்தோம். நாளின் முதல் ஆட்டு கடைச் சரக்குதான். ராத்திரி காய்ந்து கிடந்த மர உரல் முதல் ஆட்டில் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துவிடும், அந்த நஷ்டத்தை வாடிக்கையாளர் ஏற்கக் கூடாது. எள்ளுக்குப் பிறகு கடலை போட்டாலும் இடையில் உரலைச் சுரண்டி எடுத்துவிடுகிறோம். சீட்டில் பருப்பு, தெளித்த தண்ணீர், எண்ணெய் கிலோவில், லிட்டரில், புண்ணாக்கு என ஐந்து எண்கள். "மண்டி இறங்கும், மூன்று நாள் கழித்துக் குறையும்" என்று கீழே அச்சடித்தும் வைத்தோம். இதற்குப் பிறகு மண்டிப் புகார் குறைந்தது உண்மை.

அண்ணனிடம் வந்த மாற்றம் வேறு மாதிரி. முன்பெல்லாம் புண்ணாக்கை எடை போடுவது என் வேலை. இப்போது அவரே தராசில் வைத்து, கடைக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கிற குரலில் எண்ணைச் சொல்கிறார். எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி சேர்வதால் அந்தப் புண்ணாக்குத் தித்திக்கும். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வது செக்கில் நிற்பவர்களுக்கு எங்கும் உள்ள வழக்கம், ஆட்டக் கொடுத்தவர்களே எடுத்து நீட்டுவார்கள். அவர் இப்போது வாங்குவதில்லை.

அந்த அக்காவைப் பொறுத்தவரை கொடுத்தது வீண்போகவில்லை. நாத்தனார், சம்பந்தி வீடு, பக்கத்துத் தோட்டம் என்று ஆள் சேர்த்து அனுப்புகிறார். ஒரு லிட்டருக்கு இத்தனை மூட்டை என்று பார்த்தால் இதைவிடச் சல்லிசான விளம்பரம் கிடையாது. அவர் அனுப்பி வருகிறவர்களில் ஒருவர் இருவர், எடை போட்டு முடித்ததும், "கொறஞ்சா சேத்திக் குடுப்பீங்களாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். விளையாட்டாகத்தான் கேட்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்: பருப்பு உள்ளே வரும்போது காய்ச்சல், அதாவது காய்ந்திருக்கிற பதம், எப்படி என்பது. 'ஈரம்', 'லேசான ஈரம்', 'நல்ல காய்ச்சல்' என்று மூன்றில் ஒன்றை, உரலில் போடுவதற்கு முன்பே, கொண்டுவந்தவர் கையால் ஒரு பருப்பை உடைக்கச் சொல்லிக் காட்டி, அண்ணன் எழுதுகிறார். 'ஈரம்' என்று எழுதினால் சிலர் மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த வியாபாரம் போகிறது, எனக்கு வருத்தம்தான். எழுத வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி ஒருவர் வந்து எண்ணெய் குறைந்தது என்று நின்றால் பாட்டில் கொடுப்பீர்களா என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். ஆளைப் பொறுத்து என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.