மதகு ஏறி இறங்கியதும் நிற்கும் கார்

ஏ9 வீதியில் மாங்குளம் வரை ஒரு குறையும் இல்லாமல் வந்த பழைய மொறிஸ் மைனர், உள்ளே திரும்பிக் கிரவல் ஒழுங்கையில் இரண்டு மதகு ஏறி இறங்கியதும் பட்டென்று நிற்கும். ஆள் அனுப்பி மெக்கானிக் வந்து சேர்வதற்குள் திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ராட் ஆகும். வந்ததற்கு அவர் ஒரு பிளக் மாற்றுவார். அடுத்த கிழமை தீப்பொறிக்கு அழுத்தம் ஏற்றும் கொயில், அதற்கடுத்த கிழமை மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் கண்டென்சர். பழுது மட்டும் அப்படியே இருக்கும். விட்டு விட்டு வருகிற பழுதைக் கார் நன்றாக ஓடுகிற நேரம் தேடிப் பிரயோசனமில்லை. அது வரும் நேரம் பிடிப்பதற்கு முதலே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நிற்கிற விதத்தை முதலில் கவனியுங்கள். திறப்பை மூடினதுபோல ஒரேயடியாக நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். இழுத்து இழுத்து, வலு குறைந்து நின்றால் எரிபொருள் பக்கம். பெற்றோல் தாங்கி மூடியில் உள்ள காற்றுத் துளையைச் செம்மண் தூசி அடைத்தாலும் கார் நிற்கும். மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் துளையைக் குத்தி விடுங்கள், கொயிலை விடுங்கள்.

கரண்ட் பக்கம் என்று தெரிந்தால் ஒரு 12 வோல்ற் 5 வாற் பல்ப், மூன்று மீற்றர் வயர், ஒரு 5 அம்பியர் பியூஸ் போதும். கொயிலில் இரண்டு சின்ன முனைகள் உண்டு. லூக்கஸ் கொயிலில் எஸ்.டபிள்யூ. என்று இருப்பது திறப்புப் பக்கம், சீ.பி. என்று இருப்பது, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர் பக்கம். எஸ்.டபிள்யூ. முனையிலிருந்து பியூஸ் வைத்து ஒரு வயரை டாஷ்போட்டுக்குக் கீழே கொண்டுவந்து பல்பின் ஒரு முனையில் கொடுத்து, மற்ற முனையைக் காரின் இரும்பு உடலோடு (பொடி) இணைத்து, அதாவது ஏத் கொடுத்து, கண்ணில் படுகிற இடத்தில் கட்டி விடுங்கள். இனி வழமைபோல ஓடித் திரியலாம். கார் நிற்கிற அந்த நொடியில் பல்பைப் பாருங்கள். அணைந்தால் பழுது பற்றறிக்கும் கொயிலுக்கும் நடுவில்: திறப்பு சுவிட்ச், பியூஸ் பெட்டி, வயர் முனை. எரிந்துகொண்டே இருந்தால் கொயிலும் அதற்கு அப்பாலும். பாதித் தேடல் அதோடு முடிந்தது.

இதே பல்பைச் சீ.பி. முனையில் கட்டிக்கொண்டு ஓட வேண்டாம். டிஸ்ரிபியூட்டருக்குள் கொயில் கரண்டை வெட்டி வெட்டி விடும் சுவிட்சான பொயின்ற் திறக்கும்போது கொயிலில் எழும்புகிற அழுத்தத்தைப் பல்ப் குடித்துவிடும், தீப்பொறி நலிந்து போகும். கார் நின்ற பிறகு அங்கே மாற்றிப் பிடித்து, ஒருவரை ஸ்ராட்டர் அடிக்கச் சொல்லுங்கள். பல்ப் மினுக்கினால் பொயின்ற் வேலை செய்கிறது. கொயிலின் உள்சுற்று, கண்டென்சர், டிஸ்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியைப் பிரித்துவிடும் றோட்டர், அதன் மேல்மூடியான கப் என்று போக வேண்டும். விடாமல் எரிந்தால் பொயின்ற் சேரவில்லை, அல்லது ஏத் இல்லை. எரியவே இல்லை என்றால் டிஸ்ரிபியூட்டருக்குள் எங்கோ ஏத்தோடு முட்டுகிறது, அல்லது கொயில் உள்ளே அறுந்திருக்கிறது.

மதகில் நிற்கிற காருக்கு என் முதல் சந்தேகம் எப்போதும் அந்த ‘விடாமல் எரியும்’ வகைதான். டிஸ்ரிபியூட்டர் கப்பைக் கழற்றினால் உள்ளே பொயின்ற்றுக்குப் போகிற மெல்லிய துணிச்சுற்று வயர் தெரியும். எஞ்சின் உறிஞ்சுகிற வக்யூம் (வெற்றிடம்) குழாய் வழியே இழுக்கும்போது பொயின்ற் தட்டு அசையும், அதோடு இந்த வயரும் வளைந்து நிமிரும். வருடக்கணக்காக வளைந்து உள்ளே செம்பு இழை அறுந்து போகும், மேலே சுற்று நல்லாகவே இருக்கும். மல்ரிமீற்றர் வைத்தால் இணைப்பு இருக்கிறதென்று காட்டும், ஏனென்றால் அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மீற்றரை வைத்தபடியே வயரை மெல்ல இழுத்து, வக்யூம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை அசையுங்கள். இலக்கம் துள்ளினால் ஆளைப் பிடித்தாயிற்று. தட்டுக்கு ஏத் கொடுக்கும் குட்டி வயருக்கும் இதே சோதனை. மாற்றும்போது சாதாரண வீட்டு வயர் போடாதீர்கள், ஒரு மாதம் தாங்காது. மெல்லிய இழை நிறைய உள்ள வயர் வேண்டும்.

கப் திறந்திருக்கும்போதே பொயின்ற்றையும் பாருங்கள். மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் இல்லாத இடத்தில் 80 ஜீ.எஸ்.எம். ஏ4 தாள் நாலை அடுக்கினால் கிட்டத்தட்ட 0.4 வரும், ஆனால் எண்ணெய் படாத தாள். பொயின்ற்றைத் தள்ளித் திறக்கும் கம்மின் (cam) நாலு முனைகளிலும் இடைவெளி வேறுவேறாக வந்தால், டிஸ்ரிபியூட்டரின் சாஃப்ற்றைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. எத்தனை பொயின்ற் மாற்றினாலும் சரிவராது. புதுப் பொயின்ற் போட்டதும் ஸ்ராட் ஆகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். துருப்பிடிக்காமல் பூசிய மெழுகு முகத்தில் இருக்கும், ஸ்பிரிற்றால் துடையுங்கள். பொயின்ற் முகம் நீலமாக எரிந்து குழி விழுந்தால் கண்டென்சரைப் பாருங்கள், அளவு 0.2 மைக்ரோபரட் அளவில் இருக்கும். புதிதாக வருகிற கண்டென்சர்களை நான் நம்புவதில்லை. ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றினால் எறியாமல் டாஷ்போட் பெட்டிக்குள் வையுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் அரை மணி ஓடி நின்று, இருபது நிமிடம் ஆற மறுபடி ஓடுகிறதா? ஒரு துணியை நனைத்துக் கொயிலில் மட்டும் சுற்றுங்கள், பெற்றோல் பம்பில் சுற்ற வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ஓடினால் கொயில்தான். இரண்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் எது என்று தெரியாமலே போகும். 12 வோல்ற் சாதாரண கொயிலின் முதல்சுற்று 3 ஓம் அளவு. எஞ்சின் நிற்க, திறப்பு திறந்தபடி, பொயின்ற் சேர்ந்திருந்தால் 4 அம்பியர் சும்மா ஓடிக் கொயிலைச் சுடும். பாட்டுக் கேட்பதற்காகத் திறப்பைத் திறந்து வைக்கிறவர்கள் கவனிக்க.

புதுக் கொயில் போடும்போது இன்னொன்று. பழைய மொறிஸ்கள் பொசிற்றிவ் ஏத், அதாவது பற்றறியின் கூட்டல் முனைதான் பொடியில் இருக்கும். கூட்டல், கழித்தல் குறி உள்ள கொயிலை அவற்றில் பொருத்தினால் கழித்தல் முனை திறப்புக்கு, கூட்டல் முனை டிஸ்ரிபியூட்டருக்கு. மாறிக் கட்டினாலும் கார் ஓடும், அதுதான் ஏமாற்று. தீப்பொறி பலவீனமாகி ஏற்றத்தில் மிஸ் பண்ணும்.

றோட்டரும் புதிதாக இருந்தே ஏமாற்றும். கப் இல்லாமல், கொயிலின் தடித்த வயர் நுனியை றோட்டரின் பித்தளைக்கு 3 மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து, திறப்பைத் திறந்து பொயின்ற்றை ஒரு பிளாஸ்ரிக் குச்சியால் தட்டித் திறவுங்கள். வயரைக் காய்ந்த மரக் கவ்வியால் பிடியுங்கள், பக்கத்தில் பெற்றோல் வாடை இருக்கக் கூடாது. பொறி பித்தளைக்குத் தொடர்ந்து பாய்ந்தால் றோட்டர் உள்ளே சாஃப்ற்றுக்குக் கசிகிறது. வயரைத் திருகாணி குத்திப் பிடிக்கிற பழைய கப்பில் கார்பன் நூல் வயர் போட்டாலும் இதே கரைச்சல்தான், திருகாணி நூலைச் சரியாகப் பிடிக்காது. அதற்குச் செம்பு இழை வயர்தான்.

மாரியில் காலையில் மட்டும் இடக்குப் பண்ணினால் கப்பின் உள்ளே மயிர்போலக் கறுத்த கோடு இருக்கிறதா பாருங்கள். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளித்தால் நீலக் கீற்று ஓடுகிற இடம் தெரியும். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குள் நிற்கும் காருக்கு வயர் கடிக்கிற எலியையும் கணக்கில் எடுங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இன்னும் கைமாறுகின்றன. அப்படியான ஒன்றை வாங்கினால் பொறி விழும் நேரத்தை, ரைமிங்கை, சரிபாருங்கள். எஞ்சின் தட்டாமலிருக்கப் பின்னுக்கு வைத்தது அப்படியே இருக்கலாம். ஈயம் வைக்காமல் முறுக்கி ரேப் சுற்றிய இணைப்புகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பாருங்கள்.

பொயின்ற்றுக்குப் பதிலாகச் சீ.டி.ஐ. என்ற மின்னணுப் பெட்டி பற்றறி இல்லாமலே பொறி கொடுக்கும் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளில் வேலை குறைவு. சீ.டி.ஐ. பெட்டிக்கு வருகிற கறுப்பு-வெள்ளை வயரைக் கழற்றி, நுனி எங்கும் முட்டாமல் சுற்றிவிட்டு ஓடிப் பாருங்கள். பழுது வராவிட்டால் திறப்பு சுவிட்ச் அல்லது அதற்குப் போகும் வயர் பக்கம்தான். அந்த நேரம் திறப்பை மூடினாலும் எஞ்சின் நிற்காது: மேல் கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிளச்சை விடுங்கள்.