ஹீலர் வேண்டாமாம்!

தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான். தங்கச்சிமடத்துப் பசங்களுக்கு ராத்திரியானால் ஓவர்வாட்ச், அணி அணியாகச் சுட்டு மோதும் ஆன்லைன் கேம். எல்லாருக்கும் சுட வேண்டும், கூட்டாளிகளைக் காப்பாற்றும் ஹீலர் மெர்சியை எடுக்க ஆளில்லை. நான் விரும்பியே எடுக்கிறேன். மஞ்சள் கதிர் உயிரேற்றும், நீலக் கதிர் கூட்டாளியின் அடியைக் கூட்டும். எப்போது எதை மாற்றுவது என்பதில்தான் வேலையே. சுடுகிறவனுக்கு எதிரியைப் பார்த்தால் போதும், எனக்கு அத்தனை பேர் உயிர்க்கோடும் கண்ணில் இருக்கணும்.

ஜெயித்தால் அவன் சுட்டான். தோற்றால், "மாப்ள, ஹீல் எங்கடா?" (இப்படிக் கேட்கிறவன்தான் தனியாக எதிரிகள் நடுவே போய் நின்றிருப்பான்.) செத்தவனை எழுப்பும்போது மெர்சியால் வேகமாக நகரக்கூட முடியாது, நானும் சேர்ந்து சாகணும். ஒருமுறை எழுப்பினால் அடுத்ததற்கு முப்பது நொடி வேறு காத்திருக்கணும். அதனால் நேற்று ஒருத்தனை அப்படியே கிடக்க விட்டேன். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. சரி, தடை முடியட்டும்.