பழைய போட்டோ செய்முறைத் தேர்வு: முதலில் லெவல்ஸைத் திறங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. டி.டி.பி. (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்முறையில் நல்ல மதிப்பெண்ணோடு பாஸ். பெரிய நிம்மதி. எல்லோரும் பயந்த பழைய போட்டோ வேலைதான் எனக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தது. அதனால் அடுத்த பேட்ச் தம்பி தங்கைகளுக்காக அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டைப்பிங், பக்க அமைப்பெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

கையில் கொடுத்தது ஒரு பழைய கல்யாண கலர் பிரிண்ட். 4க்கு 6 அங்குலம். முழுக்கச் சிவப்பேறி, குறுக்கே ஒரு மடிப்பு, ஓரமெல்லாம் பூஞ்சைப் புள்ளி. ஸ்கேன் முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் நேராக போட்டோஷாப்பின் க்ளோன் ஸ்டாம்பை (ஓர் இடத்தை நகலெடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டும் கருவி) எடுத்து மடிப்பை மறைக்க ஆரம்பித்தார்கள். வருஷம் முழுக்க வகுப்பில் அதைத்தானே பழக்கினார்கள்! உண்மையான பழைய பிரிண்ட் ஒன்றைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. வீட்டு ஆல்பத்தை வைத்து நானாகப் பழகியதுதான் கைகொடுத்தது.

நான் முதலில் திறந்தது லெவல்ஸ், அதாவது படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைச் சரிசெய்யும் கருவி. அதிலும் ஆர்ஜிபி மொத்தமாக இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சானலாக (அந்த நிற ஒளியின் அளவை மட்டும் வைத்திருக்கும் பகுதி). இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

காரணம் இதுதான். அந்தக் காலத்து கலர் பிரிண்டுகள் ஆல்பத்துக்குள்ளேயே இருந்தாலும் அவற்றின் சயான் (பச்சை கலந்த நீல) சாயம் வெளிறிவிடும். சிவப்பு ஒளியை உறிஞ்ச வேண்டியது அந்தச் சாயம்தான். அது போனதும் நிழல் பகுதிகூடச் சிவப்பாகத் தெரிகிறது. சிவப்பு சானலின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று பிக்சல்களின் பரவலைக் காட்டும் வரைபடம்), இடது பக்கம் காலியாகக் கிடக்கும். கறுப்பு ஸ்லைடரை வரைபடம் தொடங்கும் இடம் வரை உள்ளே தள்ளுங்கள். தலைமுடி மறுபடி கறுப்பாகும். காகிதம் மஞ்சளடித்திருந்தால் நீல சானலில் வலது பக்கம் காலியாக இருக்கும்; அங்கே வெள்ளை ஸ்லைடரை உள்ளே கொண்டுவாருங்கள். போட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் விவரம் எங்கே வெட்டுப்படுகிறது என்று தெரியும். கிம்ப்பிலும் கலர்ஸ் மெனுவில் இதே லெவல்ஸ் இருக்கிறது.

இதை முடிக்காமல் ஒட்டுவேலை தொடங்காதீர்கள். மங்கிய படத்தில் கச்சிதமாகத் தெரிந்த ஒட்டு, கான்ட்ராஸ்ட் ஏறியதும் திட்டுத்திட்டாக வெளியே தெரியும். பக்கத்து சிஸ்டத்தில் அப்படித்தான் ஆனது. அவர் மடிப்பு வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

மற்றவை சுருக்கமாக:

- 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் போதும். 4க்கு 6 பிரிண்ட் 2,400க்கு 3,600 பிக்சலாக வரும். 300 டிபிஐயில் அச்சிட்டால் 8க்கு 12 அங்குலம்.
- கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை நீல சானலில் அப்பட்டமாகத் தெரியும், சிவப்பு சானலில் பெரும்பாலும் மறைந்துவிடும். சிவப்பு சானலை மட்டும் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.
- ஸ்கேனர் மூடியின் வெள்ளையை க்ராப் செய்த பிறகே ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இல்லாவிட்டால் அது ஏமாற்றும்.
- வேலை நடக்கும்வரை ஃபைலை டிஃப் அல்லது பிஎஸ்டி வடிவில் சேவ் செய்யுங்கள். விவரத்தை இழக்கும் ஜேபெக் வடிவம் கடைசியில் மட்டும்.
- ஈரத்துணி பிரிண்டின் மேல் படவே கூடாது. கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

அப்புறம் ஹீலிங் பிரஷ், சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஒட்டும் கருவி. காலியான புது லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு), எல்லா லேயரிலிருந்தும் நிறத்தை எடுக்க ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’ போட்டு, சின்ன பிரஷ்ஷால் செய்தேன். நான் நிதானமாக வேலை செய்கிறவள். மடிப்பைத் துண்டு துண்டாகத்தான் மூடினேன். வேகமாகச் செய்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ஆனாலும் நேரம் மிச்சமாக வேண்டும் என்று மொத்தப் படத்துக்கும், தூசியையும் கீறலையும் மங்கலாக்கி மறைக்கும் ‘டஸ்ட் அண்ட் ஸ்க்ராட்சஸ்’ ஃபில்டரைப் போடாதீர்கள். முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். அது யாரோ ஒருவரின் அம்மா முகம். கண்ணையும் வாயையும் முடிந்தவரை தொடாமல் விடுங்கள். புடவை ஜரிகை, மாலை மாதிரி தெளிவான கோடுகள் மடிப்பில் வெட்டுப்படும் இடத்தில் மட்டும் க்ளோன் ஸ்டாம்ப். அங்கே ஹீலிங் நிறத்தை இழுத்துக் கலக்கிவிடும்.

ஷார்ப்பன் (படத்தைக் கூர்மையாக்குவது), மற்ற எல்லாம் முடிந்த பிறகு, லேசாக.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸாமினர் லேயரை அணைத்து அணைத்துப் பார்த்தார். “கலரை ஏன் முதல்ல சரி பண்ணினே?” என்று கேட்டார். மேலே சொன்ன சயான் காரணத்தைச் சொன்னேன். வேறு கேள்வியே இல்லை. லெவல்ஸை அட்ஜஸ்ட்மென்ட் லேயராக (மூலப் படத்தைத் தொடாமல் மேலே நிற்கும் திருத்த லேயர்) வைத்து, எல்லா லேயரும் உள்ள ஃபைலையே சேவ் செய்து கொடுங்கள். ஃப்ளாட்டன் செய்து எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிட்டால் வைவாவில் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.