ஆட்டுக்கல்லும் மழைமானியும்

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஆற்றுப் பாசனம் கிடையாது. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் தரிசு. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிற ஊரில், ஒரு வீட்டில்கூட மழைக்கணக்கு நோட்டு இல்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். 2024 ஐப்பசியில் நானே தொடங்கினேன்.

மழைமானி செய்வது சுலபம்தான். 20 செ.மீ. வாய் அகலமுள்ள தகரப் புனல், அதன் கீழே ஒரு கேன். புனல் வாயின் பரப்பு 314 சதுர செ.மீ. என்பதால், கேனில் 31.4 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. வானிலைத் துறைக்காரர்கள் மாதிரியே காலை 8.30க்கு அளந்து எழுதுகிறேன். முதலில் வேப்பமரத்தடியில் வைத்தது தப்பு. சந்தேகப்பட்டுக் களத்தில் இன்னொன்றை வைத்தேன். ஒரே மழைக்குக் களத்தில் 18, மரத்தடியில் 11. முதல் வாரக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டேன்.

என் மில்லிமீட்டரை அப்பத்தாவிடம் சொன்னால், "அது கெடக்கட்டும், ஆட்டுக்கல்லு நெறஞ்சுச்சா?" என்றுதான் கேட்கும். கல் நிறைந்தால் உழவு மழை, ஏர் பூட்டலாம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று முற்றத்தில் கிடந்த கல்லை அளந்தேன். குழி 2 லிட்டரும் கொஞ்சமும் பிடித்தது. குழியின் வாய் 20 செ.மீ.தான், ஆனால் கல்லின் மேல்தளம் 35 செ.மீ. அகலம், உட்பக்கமாகச் சரிந்திருக்கிறது. தளத்தில் விழும் மழையும் குழிக்குள்ளேதான் இறங்கும். கணக்குப் போட்டால் சுமார் 22 மி.மீ. மழைக்குக் குழி நிறைய வேண்டும்.

அப்புறம் காத்திருந்தேன். 17 மி.மீ. பெய்த காலையில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. 24 மி.மீ. பெய்த அன்று வழிந்து, கல்லைச் சுற்றி மண் அரித்திருந்தது. அன்றைக்கே கொல்லையில் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம். எனக்கு மெய்சிலிர்த்துப் போனது.

நோட்டின் பின்பக்கத்தில் பழைய மழைகளையும் எழுதி வருகிறேன். இதில் சிக்கல் வருஷம்தான். பெரியவர்கள் 64, 77 என்று சொல்வதில்லை. "குரோதி வருஷம் மார்கழியில அடிச்ச காத்துல நம்ம கூரை போச்சு" என்றது அப்பத்தா. பிரபவ முதல் எண்ணிப் பார்த்தால் குரோதி 38ஆவது; 1964 ஏப்ரலில் பிறந்த வருஷம். அந்த மார்கழி, அதாவது டிசம்பர் 22 இரவுதான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது, பாம்பனிலிருந்து போன ரயிலோடு. எங்கள் கூரையைப் பிய்த்ததும் அதே புயல். 60 வருஷம் சுற்றி வந்து, நான் நோட்டு போட்டதும் குரோதியில்தான் என்று சொன்னதும் அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்போது நான் கேனைத் திறக்கும் முன்பே அப்பத்தா கல்லைப் பார்த்துவிடும். நேற்று "பாதிக் கல்லு" என்றது. 11 இருக்கும் என்று நினைத்து அளந்தால் 7தான். கல்லின் குழி கிண்ணம் மாதிரி அடியில் குறுகலாச்சே, பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் இல்லை. "பாதிக் கல் = 7" என்று அட்டையின் உள்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்.