மூணு எச்.பி. மோட்டாருக்கு ஒரு அடித்தகடு

லேசரில் தகடு வெட்டக் கொடுக்க பெரிய டிசைன் என்ஜினியராக இருக்க வேண்டும் என்று கோவை கணபதி பக்கப் பட்டறைகளில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். சாக்பீஸில் கோடு போட்டு கேஸ் கட்டிங்கிலேயே பழகிய கைகள். நான் ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். அதற்குக் காசு கிடையாது, என் பழைய லேப்டாப்பிலும் முக்கி முனகி ஓடுகிறது.

போன வாரம் காங்கயத்திலிருந்து எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். கையில் காலண்டர் அட்டை. மோட்டாரை அதன் மேல் தூக்கி வைத்து, கால் ஓட்டைகளைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

“இதே மாதிரி வெட்டிக் குடுத்துருங்க தம்பி.”

“நேம்பிளேட்டைப் போட்டோ எடுத்திருக்கீங்களாண்ணா?”

எடுத்திருந்தார். ஃப்ரேம், அதாவது மோட்டார் உடம்பின் அளவுக் குறியீடு, 100எல். அது தெரிந்துவிட்டால் அட்டை தேவையில்லை. ஓட்டை மையங்கள் குறுக்கே 160, தண்டின் திசையில் 140, கால் ஓட்டை 12, எல்லாம் மில்லிமீட்டரில். ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தர அளவில் செய்த மோட்டார் எந்தக் கம்பெனியுடையதானாலும் இதே கணக்குதான்.

என்னைக் கேட்டால், இந்த மாதிரித் தகட்டில் வெளிக்கோடு ஒரு பொருட்டே இல்லை. 300-க்கு 220 செவ்வகம், மூலைக்கு 10 ரேடியஸ், முடிந்தது. யோசனை எல்லாம் ஓட்டையில்தான். பெல்ட் நாளாக நாளாகத் தொய்யும், மோட்டாரைப் பின்னால் தள்ளி இறுக்க வேண்டும். அதனால் வட்ட ஓட்டை வேண்டாம், 160 போகும் திசையிலேயே நீளும் ஸ்லாட், அதாவது நீள ஓட்டை, வேண்டும். எம்10 (10 எம்.எம்.) போல்டுக்கு அகலம் 12 தாராளம். நீளம் 40 என்று பேசிக்கொண்டோம். ‘40 ஸ்லாட்’ என்றால் ஒருவர் முனைக்கு முனை என்பார், இன்னொருவர் மையத்துக்கு மையம் என்பார். முனைக்கு முனை 40 என்றால் மையங்களுக்கு நடுவே 28-தான், மோட்டார் நகர்வதும் அந்த 28 மட்டுமே. படத்தில் இரண்டையும் எழுதிவிடுகிறேன், சண்டை வராது.

ஃப்ரீகேடின் ஸ்கெட்சில் செவ்வகத்தின் நடுவை ஆரம்பப் புள்ளியில் உட்காரவைத்து, நான்கு ஸ்லாட்டையும் அதற்குச் சமச்சீராகப் பூட்டினேன். எல்லா அளவும் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகிவிடும். பச்சையாகாத ஸ்கெட்சை அனுப்பவே கூடாது, எந்தக் கோடு எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. தடிமன் ஏற்றி முப்பரிமாணமாக்கிப் பார்ப்பதெல்லாம் ஆசைக்குத்தான். வெட்டுகிற மெஷினுக்கு ஸ்கெட்சை டி.எக்ஸ்.எஃப். என்ற கோட்டுப்பட ஃபைலாக மாற்றினால் போதும்.

மாற்றின ஃபைலை லிப்ரேகேட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் திறந்து ஒரு முறை அளந்துவிடுவேன். 300 என்பது 300 ஆகவே இருக்க வேண்டும். மில்லிமீட்டரை எங்காவது இன்ச் என்று படித்துவிட்டால் தகடு 25.4 மடங்கு ஆகிவிடும். கோட்டின் மேல் கோடு இருந்தால் மெஷின் ஒரே இடத்தை இரண்டு தரம் வெட்டப் பார்க்கும். மூலையில் இடைவெளி இருந்தால் மூடின வடிவமாக எடுக்காது. வெட்டில் கரைகிற அளவை நாமே கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை. அது அவர்கள் மென்பொருளின் வேலை, நாமும் செய்தால் இரட்டிப்பாகும்.

பெல்ட்டை மூடும் காப்பைப் பிடிக்க அதே தகட்டில் எம்10 டேப் ஓட்டை (உள்ளே மரை வெட்டிய ஓட்டை) இரண்டு கேட்டார். மரைக்கு முன் 8.5 டிரில். 10 எம்.எம். தகட்டில் தடிமனைவிடச் சின்ன ஓட்டையைப் பிளாஸ்மாவில் வெட்டினால் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு வரும், ஓரமும் இறுகி டேப்பை உடைக்கும். லேசர் தேவலாம் என்றாலும் நான் மையப்புள்ளி மட்டும் போடச் சொல்லி, டிரில்லிங் மெஷினில் துளைத்துக்கொள்கிறேன்.

டி.எக்ஸ்.எஃபில் தடிமன் இருக்காது. அதனால் ‘எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்), 10 எம்.எம்., 1 பீஸ்’ என்று மெசேஜில் தனியாகத் தட்டிவிட வேண்டும். எடை 300 × 220 × 10 × 7.85, அதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 5.2 கிலோ.

“அஞ்சு கிலோ தானுங்களா? இரும்புக் கடை ரேட்டே போட்டுக்கங்க தம்பி” என்றார் அண்ணன். வெட்டுக்கூலி கிலோவுக்கு இல்லை, கோட்டின் நீளத்துக்கும் எத்தனை இடத்தில் துளைத்து ஆரம்பிக்கிறோம் என்பதற்கும்தான் என்று ஸ்லாட்டுகளைக் காட்டிச் சொன்னேன். “அப்ப ரெண்டு ஸ்லாட்டைக் கொறச்சுடலாமுங்களா?” என்று கேட்டார்.