தொட்டிப் பாலில் 2,40,000

மார்ச் 3

காலையில் ஆய்வக முடிவு வந்தது. குளிர்தொட்டிப் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 2,40,000 பாக்டீரியா. போன மாதம் 18,000தான் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைப் பசும்பாலுக்கு இரண்டு மாதச் சராசரி வரம்பே 1,00,000. தாளைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இந்தப் பாலை மகள் காய்ச்சாமலே குடித்துக்கொண்டிருக்கிறாள். முதல் வேலையாக அதை நிறுத்தினேன்.

மார்ச் 4

எல்லா மாடுகளுக்கும் மடிநோய்ப் பரிசோதனை செய்தோம். ஒவ்வொரு காம்பிலிருந்தும் நாலு குழித் தட்டில் கொஞ்சம் பால் பீச்சி, மருந்தை ஊற்றிச் சுழற்ற வேண்டும். நோய் இருந்தால் பாலில் வெள்ளணுக்கள் பெருகியிருக்கும். மருந்து அவற்றை உடைத்ததும் உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளிவந்து பால் கூழாகிவிடும். செவலையின் பின்வலது காம்பில் அப்படித்தான் திரண்டது. வீக்கமில்லை, பாலில் திரியில்லை, தீனியும் குறையவில்லை. வெறும் கண்ணுக்குத் தெரிந்திருக்கவே செய்யாது.

அவள் பாலைத் தனியே கறக்கிறோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் மாதிரியான கிருமியென்றால் ஒரே மாட்டின் பாலில் மில்லிலிட்டருக்குக் கோடிக்கும் மேல் வரலாம், தொட்டி முழுவதையும் அதுவே கெடுத்துவிடும். காரணம் பிடிபட்டுவிட்டது என்று ராத்திரி நிம்மதியாகப் படுத்தேன்.

மார்ச் 6

செவலையின் பால் சேராத தொட்டிப் பாலையும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மனம் கேட்காமல் இன்னும் இரண்டு மாதிரிகளையும் சேர்த்தேன்: காம்பைத் துடைத்து, முதல் பீச்சுகளை ஒதுக்கிவிட்டுக் கையால் கறந்தது ஒன்று, குழாய் வழியே வந்து தொட்டியில் விழுமுன் பிடித்தது ஒன்று. ஆய்வகத்தில் கிருமிகளைத் தட்டில் வளர்த்து எண்ண இரண்டு நாளாவது ஆகும்.

மார்ச் 9

கையால் கறந்தது 3,000. குழாய் முனையில் 1,70,000. தொட்டியில் 2,10,000.

செவலைமேல் பழியைப் போட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மடியிலிருந்து சுத்தமாக வந்த பாலைக் கெடுத்தது நாங்கள் தினமும் இரண்டு வேளை கழுவும் குழாய்தான்.

மதியம் குழாய் இணைப்புகளைக் கழற்றினோம். வெளியே எஃகு பளபளவென்று இருக்கிறது. உள்ளே ரப்பர் வளையத்தின் விரிசலில் மஞ்சளாக ஒரு படலம். விரலில் வழுக்கியது, புளிப்பும் அழுகலுமாக ஒரு வாடை. பாலின் கொழுப்பும் புரதமும் தாது உப்பும் படிந்து, அதற்குள் கிருமிகள் பிசின் சுரந்து கூடு கட்டியிருக்கின்றன. ஒவ்வொரு கறவையிலும் பால் அதை உரசிக்கொண்டுதான் தொட்டிக்குப் போயிருக்கிறது.

மார்ச் 10

கழுவும் நீரின் சூட்டை முதல்முறையாக இரண்டு முனையிலும் அளந்தேன். உள்ளே போகும்போது 70 டிகிரி, கழுவி முடிந்து வெளியேறும்போது 36. இவ்வளவு ஆறினால் காரக் கரைசல் பெயர்த்தெடுத்த கொழுப்பு திரும்பக் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். கடைசி வரை 50 டிகிரியாவது நிற்க வேண்டும். கொதிகலனின் சூடேற்றும் கம்பியில் உப்பு ஏறித் தடித்துப் போயிருந்தது. எத்தனை மாதமாக இப்படியோ. வடியும் நீரில் ஒரு வெப்பமானியை நனைத்திருந்தால் தெரிந்திருக்கும். அதைக்கூட நான் செய்யவில்லை.

மார்ச் 12

வளையங்கள், காம்புக் குவளையின் ரப்பர்கள் எல்லாம் புதிது. முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு சூடான காரம், கடைசியில் பால் உப்பைக் கரைக்க அமிலம். எடுத்த எடுப்பில் கொதிநீர் விட்டால் பால் புரதம் குழாயில் வெந்து ஒட்டிக்கொள்ளும். வேலைக்கு வருபவர்களுக்கு இதை நானே நின்று காட்டினேன்.

தொட்டி 4 டிகிரியில் இருக்கிறதே என்று இதுநாள் வரை தைரியமாக இருந்தேன். குளிர் கிருமியைக் கொல்வதில்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அந்தக் குளிரிலும் பெருகும். அது சுரக்கும் நொதிகளில் சில 72 டிகிரியில் 15 விநாடி பதப்படுத்தினாலும் அழியாமல் நின்று பாலைக் கசக்க வைக்கும்.

மார்ச் 18

11,000.

மகள் ஓடி வந்து, இனி கறந்ததும் குடிக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். இந்த எண் எத்தனை கிருமி என்று சொல்கிறது, எந்தக் கிருமி என்று சொல்வதில்லை. சாணத்திலிருந்து வரும் கொடிய ஈ.கோலை சொற்பமாக இருந்தாலே ஒரு குழந்தையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். காய்ச்சி ஆற்றிக் கொடுத்ததை ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாள்.

மாலைக் கழுவலில் வெளியேறிய நீர் 53 டிகிரி.